ஒன்பது வினாடி

ஆறு வாரமாக அந்த அலுவலகத்தில் யாரும் நிம்மதியாக ஒரு வாய் டீ குடித்ததில்லை. கோப்பையைக் கையில் எடுத்தால் போன் அடிக்கும். எடுத்தால் அந்தப் பக்கம் தலைமை நர்ஸ் இருப்பார். அவர் பொறுப்பில் பதினான்கு கிளினிக்குகள். அத்தனையிலும் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுப்பது இந்த அலுவலகம் எழுதிக் கொடுத்த புரோகிராம்தான். பட்டனை அழுத்தினால் கண் இமைப்பதற்குள் எண் வரவேண்டும். பெரும்பாலும் வரவும் செய்தது. ஆனால் ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை, எந்த நேரம் என்று சொல்ல முடியாமல், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். பதினான்கு இடத்திலும் ஒரே சமயத்தில் நிற்கும். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாம் ஓடும்.

"இப்ப நிக்குது, கேட்டுக்கங்க. எண்ணுறேன்," என்பார் தலைமை நர்ஸ். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

இப்போதெல்லாம் ஒன்பது வரை எண்ணுவார். குரலில் கோபமே இருக்காது. நாலு வார்த்தை திட்டினாலாவது பதிலுக்கு நாமும் ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளலாம். எண்ணுகிறவரிடம் என்ன பேசுவது?

அந்த எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்ளும் தலைவிதி டைரி அக்காவுக்கு. முப்பத்தொன்பது வயது, அந்த அலுவலகத்தில் பதினோரு வருடம். எதைக் கண்டாலும் நோட்டில் எழுதிவைப்பாள் என்பதால் அந்தப் பெயர். அதிலும் ஒரு முறை வைத்திருந்தாள். எழுதுவதற்கு முன் பழைய பக்கங்களைப் புரட்டி, இதே சங்கதி ஏற்கெனவே எழுதியிருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போடுவாள். ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதுவது தண்டம் என்பது அவள் கட்சி. ஆறு வருடத்துக்கு முன், அந்த டோக்கன் புரோகிராம் ஓடும் சர்வருக்குள்ளும் இப்படி ஒரு டைரியை அவள்தான் எழுதிச் சேர்த்தாள். ஏதாவது ஒரு வேலை இரண்டு வினாடிக்கு மேல் இழுத்தால், யார் கேட்டது, என்ன கேட்டது, அப்போது கையில் வேறு என்னென்ன இருந்தது என்று அது தானே குறித்துவைக்கும். எத்தனையோ கோளாறுகளை அது பிடித்துக் கொடுத்திருக்கிறது. அதனால் அங்கே ஒரு வழக்கமே வந்துவிட்டது: எது கெட்டாலும் முதல் வேலை, டைரியில் இன்னும் இரண்டு வரி சேர்ப்பது. சேர்த்ததை யாரும் எடுத்ததில்லை.

அந்த சர்வர் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள அக்காவின் வீட்டுக்குக் காலை ஏழரைக்கு வந்தால் போதும். கணவருக்கு வண்டிச் சாவி, மகளுக்கு ஒற்றைக் காலுறை, மாமியாருக்கு மூட்டு வலி மாத்திரை, எல்லாமே அவள்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கும்வரை அங்கேயே நிற்கமாட்டாள். அந்த இடைவெளியில் சாவியைக் காட்டிவிட்டு, காலுறையைத் தேடி எறிந்துவிட்டு, பால் பொங்கும் நேரத்துக்கு வந்து நிற்பாள். சர்வரும் அப்படித்தான், ஒற்றை ஆள். ஒரு கேள்வியை வாங்கி, பதில் வரவேண்டிய இடத்துக்குத் தள்ளிவிட்டு, காத்திருக்காமல் அடுத்ததை வாங்கும். ஆயிரம் பேர் வந்தாலும் சமாளிக்கும். ஒரே ஒரு நிபந்தனை, அந்த ஆள் எங்கேயும் நின்றுவிடக் கூடாது. பள்ளிக்கூடத்துப் படிவம் ஒன்றை நிரப்பிக் கையெழுத்துப் போட அக்கா இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் வீடு மொத்தமும் நின்றுபோகும். அதேதான் இங்கேயும்.

ஆக, எதுவோ அந்த ஆளை ஒன்பது வினாடி உட்காரவைக்கிறது. அது எது என்பதுதான் ஆறு வாரக் கேள்வி.

அலுவலகத்துக்கு அதில் கேள்வியே இல்லை. எல்லா விரலும் புதியவரைக் காட்டின. அவருக்கு நாற்பத்தாறு வயது. முன்பு இருந்த கம்பெனி மூடி, மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு, மூன்று மாதம் பார்க்கலாம் என்ற பேரில் இங்கே எடுக்கப்பட்டவர். அந்த வயதில் வேலை கிடைத்தவர்கள் நாற்காலியைக்கூடச் சத்தம் வராமல்தான் இழுப்பார்கள். நோயாளியின் முறை நெருங்கினால் அவர் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிற பகுதியைப் புதியவர் எழுதினார். அது ஓட ஆரம்பித்த வாரம்தான் சர்வரும் நிற்க ஆரம்பித்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, காக்கைதான் தள்ளிவிட்டதா என்று பார்க்க, மேனேஜர் ஒருநாள் அந்தப் பகுதியை நிறுத்திவைத்தார். முப்பது தடவை நின்றது அன்று மூன்று தடவைதான் நின்றது. "பாத்தீங்களா?" என்றார் மேனேஜர். அதற்குப் பிறகு காக்கைக்காகப் பேச ஆள் இல்லை.

புதியவர் தன் பாட்டுக்கு வருவார், போவார். காலையில் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பீங்கான் கோப்பையை எடுத்து மேஜையில் வைப்பார். மாலையில் அதைக் கழுவித் துடைத்து, மறுபடி சுற்றி, பைக்குள் வைத்துக்கொண்டு போவார். மற்றவர்கள் கோப்பையெல்லாம் வருடக்கணக்காக மேஜையிலேயே கறையேறிக் கிடந்தன. "கோப்பைக்கு வீட்டு ஞாபகம் வந்துடும் போல," என்று யாரோ கேலி செய்தபோது அவரும் சேர்ந்து சிரித்தார்.

அன்று வியாழக்கிழமை. அக்கா வந்து பையை வைப்பதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.

"அஞ்சு மணிக்கு கிளினிக் ஆபீசுக்கு ரிப்போர்ட் போகணும். என்ன காரணம், யாரோட வேலைன்னு கேட்டிருக்காங்க. நீங்களே எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா அவங்க மறுபேச்சு பேசமாட்டாங்க."

"இன்னும் காரணம் கிடைக்கலையே சார்."

"கிடைச்ச மாதிரிதானே? அவர் பேரை நாம எழுதி அனுப்பிட்டா அப்புறம் வச்சுக்க முடியாது. இந்த வாரத்தோட அனுப்பிடலாம். எனக்கும் கஷ்டமாதான் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "டீம் லீடர் பொறுப்புக்கு உங்க பேரை மேல அனுப்பியிருக்கேன். இந்த நேரத்துல இது சுத்தமா முடிஞ்சா நல்லது," என்றார்.

அக்கா நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். உண்மையைச் சொன்னால், புதியவர் தப்பாகவே இருந்து தொலைக்கட்டும் என்றுதான் அந்த நிமிடம் அவளுக்கு இருந்தது. ஆறு வாரம் தூக்கத்திலும் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒருநாள் மாமியார் எழுப்பி, "என்னம்மா ஏழு எட்டுன்னு உளர்றே," என்று கேட்டிருக்கிறார். அவளுக்கு நியாயம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு பகல் தூக்கம் போதும் என்று இருந்தது.

ஆனாலும் பதினோரு வருடப் பழக்கம் சும்மா விடுமா? புதியவர் எழுதியதை முதல் வரியிலிருந்து படித்தாள். முந்நூறு வரி. இரண்டு முறை படித்தாள். குறுஞ்செய்தி அனுப்பும் கம்பெனி பதில் சொல்லச் சில சமயம் இரண்டு மூன்று வினாடி எடுத்துக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் அதற்காக அவர் சர்வரை எங்கேயும் நிறுத்திவைக்கவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற மாதிரி ஒழுங்காக எழுதியிருந்தார். குறை சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை. அதில் அவளுக்கு எரிச்சல்கூட வந்தது.

பதினொரு மணிக்கு இன்னொன்று புரிந்தது. நர்ஸ் ஒன்பது எண்ணுகிற அதே வேளைக்கு, சர்வரின் கணக்கோ 'கண் சிமிட்டும் நேரத்தில் முடித்தேன்' என்று சொல்லும். இதைக் காட்டித்தான் அலுவலகம் முதல் இரண்டு வாரம் 'கோளாறு உங்கள் இணைப்பில்' என்று சாதித்தது. இரண்டு கடிகாரமும் பொய் சொல்லவில்லை என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டிக்கெட் கவுன்டர் மாதிரிதான் அது, உள்ளே இருப்பவர் "அடுத்தது யாரு" என்று கேட்ட பிறகுதான் சர்வரின் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதுவரை வரிசையில் நின்ற நேரம் யார் கணக்கிலும் வராது. நர்ஸ் எண்ணுவது அந்த நேரத்தை.

சாப்பாட்டு வேளைக்குள் இருபதாவது தடவை போன் வந்தது. அக்கா எண்ணிக்கையைக் கேட்டு, வைத்து, நோட்டை எடுத்தாள். வழக்கம்போலப் பழைய பக்கங்களைப் புரட்டினாள். நோட்டு தடித்துப்போயிருந்தது, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவர நேரம் பிடித்தது. அதற்குள் போன் மறுபடி அடித்தது. அவள் ஒரு கையால் 'இரு இரு' என்று போனுக்கே சைகை காட்டிவிட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்து ஓய்ந்தது.

தண்ணீர் பிடிக்க அந்தப் பக்கம் வந்த புதியவர் நின்றார். "நீங்க பக்கம் புரட்டி முடிக்கறவரைக்கும் அவங்க அங்க காத்துக்கிட்டிருப்பாங்க, மேடம்," என்றார் மெதுவாக.

"எழுதாம விட்டா மறந்துடும் சார்."

"எழுதறது தப்பில்ல. தேடறதுக்குத்தான் நேரமாகுது." இன்னும் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு பாட்டிலை மூடிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மணி இரண்டரை ஆகிவிட்டது. கணவர் வேறு போன் செய்து, மகளுக்கு இருமல் என்று பள்ளியிலிருந்து சொல்கிறார்கள், யார் போவது என்று கேட்டார். "நீங்க போங்க," என்றாள். "எனக்கு மீட்டிங்," என்றார். "எனக்கு என்ன, திருவிழாவா?" என்று கேட்டு வைத்துவிட்டாள். அவர் போய்விடுவார் என்று தெரியும். கத்தாமல் சொல்லியிருக்கலாம் என்றும் தெரியும்.

ரிப்போர்ட்டுக்கு அட்டவணை வேண்டுமே என்று நோட்டிலிருந்த எண்ணிக்கைகளைத் தேதிவாரியாக ஒரு தாளில் இறக்கினாள். முதல் வாரம் மூன்று வினாடி. அடுத்த வாரம் நாலு. பிறகு ஐந்து, ஆறு, ஏழரை, ஒன்பது. இத்தனை நாளும் தனித்தனியாக எழுதியதை இப்போதுதான் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தாள். நிற்கிற நேரம் வாராவாரம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

எது ஏறுகிறது? நோயாளிகள் எண்ணிக்கை ஏறவில்லை. புதியவரின் முந்நூறு வரி முந்நூறாகவே இருக்கிறது. அந்த சர்வரில் நாளுக்கு நாள் பெருத்து, ஒருபோதும் இளைக்காமல் இருப்பது என்ன? பேனாவை வைத்துவிட்டுத் தன் நோட்டைப் பார்த்தாள். தேடறதுக்குத்தான் நேரமாகுது.

சர்வருக்குள் இருந்த டைரியைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. அதன் அளவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆறு வருடத்தில் யாரும் அதைக் காலி செய்ததில்லை. அதிலும் பாதிக்கு மேல் கடைசி ஆறு வாரத்தில் சேர்ந்திருந்தது. பிறகு அதை எழுதும் பகுதியைத் திறந்தாள். மேலே தேதி இருந்தது, அவள் பெயர் இருந்தது, அவள் பெருமையோடு எழுதிய குறிப்பும் இருந்தது: 'ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுத வேண்டாம்.' அதற்காக டைரி, ஒவ்வொரு முறையும் எழுதுமுன் தன்னையே முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்துப் பார்க்கும். படித்து முடிக்கும்வரை சர்வர் அசையாது. அவள் எழுதிய காலத்தில் டைரியில் நாலே பக்கம். படிக்க நேரமே ஆகவில்லை. இப்போது படிக்க ஒன்பது வினாடி.

புதியவரின் குறுஞ்செய்திகளில் சிலவோ இயல்பிலேயே இரண்டு வினாடிக்கு மேல் ஆகிறவை. யாருக்கும் தொந்தரவு இல்லாத தாமதம் அது. ஆனால் அப்படி ஒன்று வரும்போதெல்லாம் டைரி விழித்துக்கொள்ளும். ஏற்கெனவே எழுதினோமா என்று தேடும். அனுப்பப்படும் போன் எண் வேறாக இருக்கும், ஆகவே புதிது என்று சேர்த்துக்கொள்ளும். இன்னும் பெருக்கும். மேனேஜர் அவர் பகுதியை நிறுத்தியபோது குறைந்ததும் இதனால்தான். அவரைப் பிடித்து உள்ளே போட அத்தனை சாட்சியும் இருந்தது, குற்றத்தை மட்டும் செய்தது வேலி. பயிர் மேய்ந்துவிட்டு வேலி கமுக்கமாக நின்றுகொண்டிருந்தது.

மூன்றே காலுக்கு டைரியை மட்டும் நிறுத்தினாள். குறுஞ்செய்திகள் ஓடிக்கொண்டிருந்தன. போன் அடிக்கவில்லை. நாலு மணிவரை பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே தலைமை நர்ஸைக் கூப்பிட்டாள்.

"நிக்குதுங்களா மேடம்?"

"இல்லையே. நானே கூப்பிடலாம்னு இருந்தேன்," என்றார் அவர். "எண்ணறதுக்கு ஒண்ணும் இல்லாம என்னமோ மாதிரி இருக்கு."

அக்கா கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள். கண்ணாடியில் தெரிந்த முகத்தை அவளுக்குப் பிடிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் டைரியை எடுத்துவிடலாம். 'புதிய பகுதியால் ஏற்பட்ட கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி. அதில் பொய்கூட அவ்வளவாக இல்லை. ஆறு மணிக்கு வீட்டில் இருக்கலாம், அடுத்த மாதம் டீம் லீடர். ஒரு கோப்பை மட்டும் திங்கட்கிழமை முதல் வராது. இதை அவள் நினைத்துப் பார்த்தாள் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மூன்று தடவை முகம் கழுவுகிற நேரம் நினைத்துப் பார்த்தாள்.

பிறகு மேனேஜர் அறைக்குப் போய், "சார், அது என்னோடது," என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்க டைரியா! அடக் கடவுளே. ஆறு வாரமா கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம். சரி விடுங்க, யாருக்குத்தான் வரல? எடுத்துட்டீங்கல்ல, முடிஞ்சுது."

அவ்வளவுதான். ஆறு வாரமாக ஒரு மனிதரை யாரும் நேராகப் பார்த்துப் பேசாதபடி செய்த குற்றம், அவள் பெயருக்கு மாறியதும் சிரிப்பாகிவிட்டது. அக்காவுக்கு அவமானமாக இருந்தது. திட்டியிருந்தால்கூட இத்தனை அவமானம் இருந்திருக்காது.

"ரிப்போர்ட்ல என்ன எழுதட்டும் சார்?"

"அவரோட பகுதிதானே டைரிய இவ்ளோ எழுத வச்சுது? ஒரு விதத்துல காரணம் அதுதான். அப்படியே போட்டுடுங்க. உங்க பேரு இப்ப வேண்டாம்."

"அவர் பேரு போனா அவர் இருக்க முடியாதுன்னு காலையில சொன்னீங்க."

மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "உங்களுக்காகத்தான் சொல்றேன். இது போச்சுன்னா டீம் லீடர் அடுத்த வருஷம்தான். அப்பவும் நான் உறுதி சொல்லமாட்டேன்."

"சரிங்க சார்," என்றாள் அக்கா. எந்தச் சரி என்று அவர் கேட்கவில்லை.

ரிப்போர்ட் ஏழு வரிதான் வந்தது. கோளாறு ஆறு வருடத்துக்கு முன் எழுதப்பட்ட டைரியில், எழுதியது இன்னார், குறுஞ்செய்திப் பகுதியில் தவறு எதுவும் இல்லை. தன் பெயரை முழுதாக அடித்தாள். மேனேஜருக்கும் ஒரு பிரதி போட்டு நாலு ஐம்பதுக்கு அனுப்பினாள். அவர் அறையின் கண்ணாடி வழியே, அவர் படிப்பதும் நெற்றியைத் தேய்த்துக்கொள்வதும் தெரிந்தது. வெளியே வரவில்லை.

புதியவர் கோப்பையைக் கழுவிக்கொண்டு வந்து துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா போய் அவர் மேஜைக்கு எதிரே நின்றாள்.

"கண்டுபிடிச்சாச்சு. உங்களோடது இல்ல. என்னோட டைரி. ரிப்போர்ட்ல அப்படியே எழுதி அனுப்பிட்டேன்."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்மா," என்றார். ஆறு வாரத்தில் முதல் முறையாக மேடம் இல்லை. "திங்கட்கிழமையே பாத்துட்டேன்."

அக்கா இன்னும் ஒரு அடி நெருங்கி வந்தாள். "ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னு ரெண்டு தடவ உங்க மேஜை வரைக்கும் வந்தேன். புதுசா வந்தவன், தன் தலையில விழுந்தத அடுத்தவங்க தலையில கட்டறான்னுதானே சொல்வாங்க? அதுவும் உங்க தலையில. யாரு நம்புவாங்க?"

"நானே நம்பியிருக்க மாட்டேன்," என்றாள் அக்கா. அது உண்மை. அந்த உண்மை அவளுக்கு வலித்தது.

இழுப்பறையிலிருந்து பழைய செய்தித்தாளை எடுத்து விரித்தார். கோப்பையை நடுவில் வைத்து, ஒரு மூலையை மடித்தார்.

"அதான் எழுதிப் போட்டாச்சே, அண்ணா. இனிமே யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னிக்காவது அத இங்கயே வச்சுட்டுப் போங்க."

அவர் கை ஒரு கணம் நின்றது. வைத்துவிடுவார் போலத்தான் இருந்தது. பிறகு அடுத்த மூலையையும் மடித்தார்.

"பழைய கம்பெனியில ஒம்பது வருஷம் மேஜையிலதான் வச்சிருந்தேன்மா. எனக்கு என் பொண்ணு வாங்கிக் குடுத்த கோப்பை. ஒருநாள் காலையில போனா கம்பெனி கேட் பூட்டியிருக்கு. உள்ள விடல. கோப்பை உள்ளயே போச்சு." சுற்றியதைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "இதுவும் அவ வாங்கிக் குடுத்ததுதான். ரெண்டாவது."

நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார்.

"நாளைக்குக் கொண்டுட்டு வர்றேன்," என்றார்.

அக்கா லிப்ட் வரைக்கும் கூடவே போனாள்.